வடைக்குக் கிடைத்த நல்ல சொல்

ஆங்கிலத்தைக் கண்டுபிடித்தது இங்கிலாந்துக்காரர்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை மண் போகக் கழுவி, உப்புப் புளி பார்த்து, எந்தச் சொல்லை எந்தப் பண்டத்துக்குப் பரிமாறுவது என்று ஒழுங்கு செய்தது வல்வெட்டித்துறையில் எங்கள் ஒழுங்கைத் தெருவில் இருக்கும் ஞானாம்பிகை. அகராதி எழுதிய பெரியவர்கள் உயிரோடு இருந்திருந்தால் ரயில் ஏறி யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, எங்கள் வேலிப் படலையடியில் செருப்பைக் கழற்றி வைத்து, "அம்மா, இந்தச் சொல் சரியோ?" என்று கேட்ட பிறகுதான் அச்சுக்குக் கொடுத்திருப்பார்கள். தூரத்தில் போகிற கப்பல்கள் எங்கள் கரைக்கு நேரே வந்ததும் மெதுவாகப் போவதைக் கண்டிருப்பீர்கள். நீரோட்டம் என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். ஞானாம்பிகையின் உச்சரிப்பைக் கேட்கத்தான்.

எங்கள் சனசமூக நிலையக் கையெழுத்துப் பத்திரிகையில் 'எங்களூர்ப் பெரியார்' என்று ஒரு பகுதி வருகிறது. இதுவரை பாய்க்கப்பல் ஓட்டிய ஒருவர், ஒரு வைத்தியர், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த ஒருவர் ஆகியோர் வந்திருக்கிறார்கள். எல்லோரும் காலமானவர்கள். "உயிரோடை இருக்கிற ஆளை எழுதினால் படலைக்கு வந்து சண்டை பிடிக்கும்" என்று பத்திரிகைப் பொறுப்பாளர் எச்சரித்தார். அந்த ஆபத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஞானாம்பிகை என் அம்மாவின் கடைசித் தங்கச்சி. எனக்குக் குஞ்சியம்மா. அவவின் மகன் அருளம்பலம் அண்ணை கப்பலுக்குப் போன நாளிலிருந்து அவவுக்குத் துணையாக நான் அந்த வீட்டில் படுக்கிறேன். யார் யாருக்குத் துணை என்பதைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. என் படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பு என்னை ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிட்டது.

ஆளைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். குஞ்சியம்மா கட்டை. கறுப்பு. சங்கு ஊதுகிற குரல். சிரித்தால் வேலிக்கு அந்தப் பக்கம் மாடு மிரளும். புட்டு அவித்தால் சில நாளைக்கு அதை வைத்து மதில் கட்டலாம். பொறாமை பிடித்த ஒரு வெள்ளாடு வளர்க்கிறா. இரண்டுக்கும் ஒரே சுபாவம்.

அருளம்பலம் அண்ணைக்குக் கிரேக்கக் கொம்பனிக் கப்பலில் வேலை. ஹல் என்ற துறைமுகத்தில் கப்பல் பழுதாகி நின்றபோது, பேக்கரியில் பாண் விற்ற மோரீன் என்ற வெள்ளைக்காரப் பெட்டையைக் கண்டு, அங்கேயே கலியாணமும் கட்டி, பெண் குழந்தையும் பிறந்துவிட்டது. மூன்று செய்தியும் ஒரே கடிதத்தில் வந்தன. குஞ்சியம்மா கொஞ்ச நாள் அழுதா. பிறகு மூக்கைச் சீறிப்போட்டு என்னைக் கூப்பிட்டா.

"டேய், அவளுக்குத் தமிழ் தெரியாதெல்லே?"

"எங்கையிருந்து தெரியும்?"

"அப்ப நான்தான் இங்கிலீசிலை இறங்க வேணும்."

அவவின் பயம் என்னவென்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். கப்பலுக்குப் போய் வெள்ளைக்காரியைக் கட்டியவர்கள் எங்கள் ஊரில் முன்பும் இருக்கிறார்கள். ஒருமுறை கூட்டிக்கொண்டு வருவார்கள். வந்தவளுக்கு மனம் ஒட்டவில்லையென்றால் அதுவே கடைசிமுறை. அதற்குப் பிறகு மகனைச் சுவரில் கண்ணாடி போட்ட படத்தில்தான் பார்க்கலாம்.

"அவள் ஒட்டினால்தான் இவன் வருவான்" என்றா குஞ்சியம்மா. "அவளே 'திரும்ப மாமி வீட்டை போவம்' எண்டு கேக்க வேணும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அடுத்த ஒழுங்கையில் மகாதேவி ரீச்சர் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஆங்கில ரியூசன் நடக்கும். படிப்பது எல்லாம் மூக்கொழுகும் வயதுக்காரர். அவர்களுக்கு நடுவில் குஞ்சியம்மா தன் பாயைக் கொண்டுபோய் விரித்தா. நானும் போனேன், ரீச்சர் வீட்டில் தேத்தண்ணியோடு பணியாரம் கொடுப்பார்கள் என்பதால். வேறு காரணம் இல்லை.

முதல் நாள் ரீச்சர் கதிரையைத் தொட்டு, "திஸ் இஸ் எ செயார்" என்று தொடங்கினா. குஞ்சியம்மா கையைத் தூக்கினா.

"ரீச்சர், கதிரையை விடுங்கோ. கதிரையை நான் கையாலை காட்டுவன். தட்டி, இரு எண்டும் சொல்லுவன். இந்த வடை மொறுமொறுப்பா இருக்கு எண்டதை எந்தக் கையாலை காட்டுறது? கடல் இண்டைக்கு முறைச்சுக்கொண்டு நிக்குது எண்டதை? எனக்கு அந்தச் சொல்லுகள்தான் வேணும்."

"அதுக்கு அஜெக்ரிவ் எண்டு பேர், ஞானமக்கா. ஒண்டு எப்பிடி இருக்கு எண்டு சொல்லுற சொல்லு."

"பேர் என்னவாயும் இருக்கட்டும். அதைத் தாங்கோ."

அன்றிலிருந்து அந்த விறாந்தையில் பாடம் தலைகீழாக நடந்தது. ரீச்சரும் லேசுப்பட்டவ இல்லை. 'குட்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே பூசுவதை அவவால் பொறுக்க ஏலாது. "குட் எண்டது உப்பு. எல்லாத்துக்கும் போடலாம், அதை மட்டும் சாப்பிடேலாது. வடை எண்டால் கிறிஸ்பி. மாம்பழம் எண்டால் ஜூஸி. பட்டுச் சீலை எண்டால் ஸ்மூத். பண்டத்தை நல்லாப் பாருங்கோ, சொல்லு தானா வரும்" என்று சொல்லுவா. 'எ லிற்றில்' என்று முன்னால் போட்டால் அரைக்கரண்டி, 'வெரி' என்று போட்டால் குவியல் என்பதும் ரீச்சரின் கணக்குத்தான்.

சின்னன்கள் சொல்லை எழுதிவிட்டு மறந்துபோவார்கள். குஞ்சியம்மா எழுதுவதில்லை. சொல்லைக் கேட்டதும் வாய்க்குள் போட்டுக் குதப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதற்குப் பொருத்தமான ஆளோ பண்டமோ அகப்படும் வரைக்கும் தேடுவா. பிடிவாதத்துக்கு 'ஸ்ரபன்' என்று படித்த அன்று ஆட்டின் கயிற்றை இழுத்தபடி, "ஸ்ரபன் கோட்! வெரி ஸ்ரபன் கோட்!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்தினா. ஆடு அன்றுதான் முதன்முதல் திகைத்து நின்றது. சோம்பலுக்கு 'லேஸி' என்று வந்தபோது தேடவே இல்லை. நேரே என்னைப் பார்த்தா. கடலுக்கு மட்டும் ஒவ்வொரு காலையும் புதுச் சொல் வேண்டும். பல்லு விளக்கிக்கொண்டு கரையைப் பார்த்து, கடல் அமைதியோ முரடோ என்று எடைபோட்டு, "காம்... இல்லை, இல்லை. எ லிற்றில் ரஃப்" என்று தீர்ப்புச் சொல்லுவா.

மீன்காரன் ஏரம்பு அண்ணைக்கு அவ கொடுத்த சொல் 'ஸ்லிப்பரி'. வழுக்கிற ஆள் என்று கருத்து. நேற்றைய மீனை இன்றைய மீன் என்று வழுக்கிவிடுவார். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "என்னடா தம்பி, உன்ரை குஞ்சியம்மா என்னை ஏதோ சொல்லுறா?" என்று கேட்டார். இங்கிலாந்தில் நேர்மையான வியாபாரிகளுக்குக் கொடுக்கிற பட்டம் என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த மீன் எல்லாம் துள்ளியது. ஏரம்பு அண்ணை சைக்கிளில் போகும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் போகும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிற ஊரார் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்து வடிவு, அதாவது அழகு என்றோ, கொழுத்திருக்கு என்றோ யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் நாவூறு பட்டுவிடும். பிள்ளை சாப்பிடாது, காய்ச்சல் வரும். ஆகையால் ஆசையான பிள்ளையைக் 'கறுவல்', 'வத்தல்', 'குரங்குக் குட்டி' என்றுதான் கூப்பிடுவோம். எவ்வளவு ஆசையோ அவ்வளவு கூடாத சொல். எல்லாரும் செய்வதுதான். ஆனால் குஞ்சியம்மா இந்த விஷயத்தில் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிகாரி மாதிரி. ஊரில் எந்தப் பிள்ளை சோர்ந்து கிடந்தாலும், காய்ந்த செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தித் தலையைச் சுற்றி நெருப்பில் போட அவவைத்தான் கூப்பிடுவார்கள்.

எனவே படித்த ஆங்கிலச் சொற்களையும் அவ இரண்டு ஓலைக் கடகத்தில் போடுகிற மாதிரிப் பிரித்து வைத்தா. "நல்ல சொல்லுக் கடகம் பண்டங்களுக்கு. கூடாத சொல்லுக் கடகம் எங்கடை ஆக்களுக்கு" என்று எனக்கு விளக்கம் சொன்னா.

ஒரு நாள் ரீச்சர் சோதனை வைத்தா. உன் மகன் எப்படிப்பட்டவன், ஆங்கிலத்தில் சொல்லு. குஞ்சியம்மா எழும்பி, சீலைத் தலைப்பை இழுத்துச் செருகி, தேவாரம் பாடப் போகிறவ மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டா.

"மை சன் இஸ் பிளாக். ஹி இஸ் லேஸி. ஹிஸ் நோஸ் இஸ் ஃபிளாற். ஹி இஸ் வெரி அக்லி."

அக்லி என்றால் வடிவில்லாதது, அவலட்சணம். ரீச்சரின் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை எங்கை இருந்தாலும் நல்லா இருக்கட்டும், ஞானமக்கா" என்று சொல்லி முழுப் புள்ளியும் போட்டா. ரீச்சரும் எங்கள் ஊர்தானே. இந்தக் கணக்கு இங்கிலாந்தில் செல்லுமோ என்று அவவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம் அவர்கள் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வாடகைக் கார் படலையடியில் வந்து நின்றபோது ஒழுங்கை முழுக்கச் சனம். அண்ணை இறங்கினார். மோரீன் மச்சாள் இறங்கினா. வெயிலில் சிவந்த முகம், உயரம், பயந்த சிரிப்பு. கையில் குழந்தை லீனா. சும்மா சொல்லக்கூடாது, கன்னம் இரண்டும் அப்போதுதான் இறக்கிய கொழுக்கட்டை மாதிரி.

குஞ்சியம்மா குழந்தையை வாங்கி மார்போடு அணைத்து, சுற்றிநின்ற சனத்தின் கண்களை ஒருமுறை பார்த்தா.

"தின்" என்றா சத்தமாக, மெலிந்தது என்ற கருத்தில். "வெரி தின் பேபி. எ லிற்றில் டார்க்."

மோரீன் மச்சாளுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், கிழவிக்குத் தெரிந்தது இந்த நாலைந்து சொல்தான் என்று நினைத்திருக்க வேண்டும். குஞ்சியம்மாவின் கையை அன்பாகத் தட்டிக் கொடுத்தா. அண்ணை காரிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்திருக்கும். ஆனால் பிறந்த நாள் முதல் கேட்ட பாட்டு யாருக்குப் புதிதாகக் கேட்கும்?

ஆங்கிலம் அந்த நாலைந்து சொல்லோடு நின்றிருந்தால் பிழைத்திருப்போம். மத்தியானம் சாப்பாட்டில் குஞ்சியம்மா தன் நல்ல சொல்லுக் கடகத்தைத் திறந்தா. "மோரீன், திஸ் வடை. கிறிஸ்பி. கோல்டன். ஈற்!" மாம்பழம் ஜூஸி. தயிர் கிறீமி. முற்றத்தில் உயர்ந்து நின்ற தென்னைமரம் ரோல், எலிகன்ற். வேலிக்கு மேலால் தெரிந்த கடலைக் காட்டி, "புளூ, ஷைனி, பியூற்றிஃபுல்" என்றா. ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. ஒவ்வொன்றும் அந்தந்தப் பண்டத்தில் பொருத்தமாகப் போய் உட்கார்ந்தது.

"யுவர் இங்கிலிஷ் இஸ் வொண்டஃபுல்" என்று மச்சாள் வியந்தா. நான் அன்று முழுக்கப் பெருமையில் மிதந்தேன். ஆனால் அந்த நேரத்திலிருந்துதான் மச்சாளின் முகம் மாறத் தொடங்கியது. இவ்வளவு சொல் தெரிந்தவ, பிள்ளைக்கு மட்டும் ஏன் அந்தச் சொல்லைத் தேடி எடுத்தா?

குழந்தைக்குப் பல்லு முளைத்திருந்தது. முதற்பல்லு வந்தால் எங்கள் பக்கத்தில் பல்லுக்கொழுக்கட்டை கொட்ட வேண்டும். பிள்ளையைப் பாயில் இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, குட்டிக் கொழுக்கட்டைகளை அதற்கு மேல் உருட்டிவிடுவார்கள். ஒழுங்கையே வந்து சாப்பிட்டுப் போகும். குஞ்சியம்மா விடிய எழும்பி, ஒருவரையும் கிட்ட விடாமல் தானே மாக் குழைத்தா.

கொழுக்கட்டை தலையில் கொட்டுப்பட்டதும் லீனா கைகொட்டிச் சிரித்தது. அப்போது பக்கத்து வீட்டுப் பூரணம் மாமி தன்னை மறந்து வாயைத் திறந்துவிட்டா. "என்ன வடிவான குஞ்சு!"

 குஞ்சியம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கி, கரிச்சட்டியில் விரலைத் தேய்த்து அதன் கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு ஒன்று இழுத்து, முதலில் தமிழில் கத்தினா. "ஆர் வடிவு? உதோ? அவலட்சணம்! குரங்கு!" பிறகு மோரீன் மச்சாளின் பக்கம் திரும்பி, அவவுக்கும் தெளிவாக விளங்க வேண்டும் என்பதற்காக, ரீச்சர் சொல்லித்தந்த உச்சரிப்போடு நிறுத்தி ஆறுதலாக:

"அக்லி பேபி. வெரி, வெரி அக்லி."

மருமகளே, பயப்படாதை, உன் பிள்ளையை நான் காக்கிறேன் என்பதுதான் அவ சொன்னது. மச்சாள் கேட்டது வேறு. எழும்பி வந்து, குழந்தையை வாங்கி, கன்னத்துக் கரியைத் தன் கையால் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினா.

சனம் போன பிறகு நான் அறை யன்னலுக்கு வெளியே முருங்கை பிடுங்கிக்கொண்டு நின்றேன். அன்று வீட்டில் முருங்கைக்காய்க் கறி இல்லைத்தான். உள்ளே மச்சாள் அழுதழுது பேசினா. எனக்கு விளங்கிய ஆங்கிலத்தில் அது இதுதான்: உன் அம்மாவின் வாயில் தேங்காய் மரம்கூட வடிவு, வடை வடிவு, என் பிள்ளை மட்டும் அவலட்சணமா? அண்ணை முதலில் சிரித்தார். அது பெரிய பிழை. பிறகு நாவூறைப் பற்றி விளக்கினார். மச்சாள் நம்பவில்லை. அம்மாவுக்காகக் கதை கட்டுகிறாய், நாளைக்குக் காலை ரயிலில் போவோம், இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிப் பெட்டியைத் திறந்து உடுப்புகளை எறிகிற சத்தம் கேட்டது.

நான் குசினிக்கு ஓடினேன். குஞ்சியம்மா திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தா.

"குஞ்சியம்மா, மச்சாள் நாளைக்குக் காலமை போகப் போறாவாம். இனி வரமாட்டாவாம்."

திருவல் நின்றது. "ஏன்?"

"அவையின்ரை ஊரிலை பிள்ளையை வடிவெண்டு நேரை சொல்லுவினமாம். சொல்லாட்டில் பிடிக்கேல்லையாம்."

"நேரையோ? முகத்துக்கு முன்னாலையோ?"

"ஓம்."

"சனத்துக்கு முன்னாலையும்?"

"ஓம்."

"பிள்ளையளுக்கு ஒண்டும் ஆகிறேல்லையோ?"

"ஆகிறேல்லைப் போலை. குண்டாத்தான் இருக்குதுகள்."

குஞ்சியம்மா கையிலிருந்த தேங்காய்ப் பாதியைப் பார்த்தபடி இருந்தா. "அப்ப நான் அந்தப் பெட்டைக்கு இவ்வளவு நாளும் என்ன சொல்லியிருக்கிறன்?" என்று கேட்டா.  

தேங்காயைப் போட்டுவிட்டு எழும்பினா. "செத்தல் மிளகாய் ஒரு சுளகு எடு. உப்பு எடு. சட்டியிலை தணல் போட்டுக்கொண்டு வா. ஓடு!"

"என்ன செய்யப் போறியள்?"

"நல்ல சொல்லுக் கடகத்தைக் கவிட்டுக் கொட்டப் போறன். முருகா, தொண்டைமானாற்றுக் கோயிலிலை இருந்து நீதான் பாத்துக்கொள்ள வேணும்."

அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனா. மச்சாள் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்தா. அண்ணை மூலையில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். குஞ்சியம்மா யன்னல்களைப் பூட்டினா, யாருடைய கண்ணும் எட்டக்கூடாது என்று. தணல் சட்டியை வாசற்படியில் வைக்கச் சொன்னா. வலது கையில் மிளகாய், இடது கையில் உப்பு. இரண்டு கையும் நடுங்கின.

"மோரீன். சிற். லிசின்."

மச்சாள் பயந்துபோய் இருந்தா. குஞ்சியம்மா குழந்தைக்குக் கிட்டக் குனிந்து, களவெடுக்கப் போகிற ஆள் மாதிரி அங்குமிங்கும் பார்த்து, மெல்லச் சொன்னா.

"ரவுண்ட்."

ஒரு மிளகாயைக் குழந்தையின் தலையைச் சுற்றித் தணலில் எறிந்தா.

"சொஃப்ற்." இன்னொரு மிளகாய். "பிறைற்." இன்னொன்று. "ஸ்வீற். வெரி ஸ்வீற்." அவவின் நெற்றியில் வியர்வை. ஒவ்வொரு சொல்லையும் கட்டி வைத்த மிருகத்தை அவிழ்த்துவிடுகிற மாதிரி, அது பேத்தி மேல் திரும்பிப் பாயுமோ என்ற பயத்தோடு விட்டா.  கடைசியாக ஒரு சொல் மீதம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, சங்குக் குரலில் கத்தினா.

"பியூற்றிஃபுல்! மோர் பியூற்றிஃபுல் தான் த சீ!"

அது ரீச்சர் படிப்பிக்காத வசனம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விறாந்தையில் ஒரு நாளும் அந்தப் பாடம் நடக்கவில்லை. தன் கடலை விட ஒன்று வடிவு என்று குஞ்சியம்மா எந்த மொழியில் சொல்லியும் நான் கேட்டதில்லை. சொன்ன கையோடு பயம் பிடித்து, கையிலிருந்த மிளகாய் முழுவதையும், உப்பையும், சுளகில் மீதமிருந்ததையும் ஒன்றாகத் தணலில் கவிழ்த்துவிட்டா.

யன்னலைக் கண்ணுக்காகப் பூட்டியவ புகையைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு பெரிய நெடி எழும்பி வந்தது. மச்சாள் குழந்தையை மார்போடு பொத்திக்கொண்டு ஓட, அண்ணை ஓட, நான் சட்டியைத் தாண்டிப் பாய, எல்லோரும் முற்றத்தில் போய் விழுந்து இருமினோம். குஞ்சியம்மா கடைசியாக வந்தா. தலை முழுக்கச் சாம்பல். இருமலுக்கு நடுவே சந்தோஷத்தில் குதித்தா.

"இருமுது! டேய், எல்லாரும் இருமுறம்! நெடி வருது! பிள்ளைக்கு நாவூறு இல்லை!"

நாவூறு பட்டிருந்தால் எவ்வளவு மிளகாய் எரித்தாலும் நெடி வராது என்பது எங்கள் நம்பிக்கை. அண்ணை இருமி இருமி அதை மச்சாளுக்குச் சொன்னார். மச்சாள் கேட்டாவோ தெரியாது. அவ குஞ்சியம்மாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தா. அவை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. கட்டுக்கதைக்காக ஒருத்தரின் கை அப்படி நடுங்காது. லீனா ஒரு தும்மல் தும்மிவிட்டுச் சிரித்தது.

மச்சாள் கண்ணைத் துடைத்தா. குழந்தையை அண்ணையிடம் கொடுத்துவிட்டு எழும்பி, குஞ்சியம்மா செய்தது போலவே வேலிப் பக்கம் ஒருமுறை, படலைப் பக்கம் ஒருமுறை பார்த்தா. பிறகு குஞ்சியம்மாவின் சாம்பல் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒழுங்கை கேட்கச் சொன்னா.

"மாமி, யூ ஆர் அக்லி. வெரி, வெரி, வெரி அக்லி."

குஞ்சியம்மா நிமிர்ந்தா. அவ இருக்கிற உயரத்தில் நிமிர்ந்து பெரிதாக ஒன்றும் ஆகப் போவதில்லை, ஆனாலும் அன்று தென்னைமரத்துக்குச் சமமாகத் தெரிந்தா. நேரே வேலிக்குப் போனா.

"பூரணம்! எடி பூரணம்! கேட்டனியே? என்ரை மருமகள் என்னை அவலட்சணம் எண்டு சொல்லிப்போட்டாள்!"

"ஐயோ! உன்னையோ?"

"என்னைத்தான்! 'வெரி' மூண்டு தரம் போட்டவள்!"

அடுத்த நாள் ரயில் அவர்கள் இல்லாமல் போனது. மாதம் முடியும்வரை நின்றார்கள். மச்சாளுக்கு நான் வடைக்கு உளுந்து அரைக்கச் சொல்லிக் கொடுத்தேன்; அவவின் வடையைப் பற்றிக் குஞ்சியம்மா சொன்ன சொல் 'ஹார்ட்', அதைக் கேட்டு மச்சாள் சந்தோஷப்பட்டா. அது உண்மையிலேயே கல்லுத்தான் என்று நான் சொல்லவில்லை. இந்த வருடம் சித்திரையில் திரும்பவும் வந்து போனார்கள். கேட்டது மச்சாள்தான் என்று அண்ணை கடிதத்தில் எழுதியிருந்தார். ஹல்லில் யாராவது லீனாவை வடிவு என்று சொன்னால் மச்சாள் உடனே, "இல்லை, அக்லி" என்று சொல்லுகிறாவாம். அங்கே சனம் கொஞ்சம் பயந்துபோய் இருக்கிறதாம்.

இவ்வளவும் எழுதி முடித்து, அடியில் பேர் போடுகிற நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கை வந்து தாளை இழுத்தது. உயிரோடு இருக்கிற ஆள் படலைக்கு வரும் என்றார் பொறுப்பாளர். இவ குசினிக்குள் இருந்தே வந்துவிட்டா.

குஞ்சியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாயசைத்து வாசித்தா. முதற் பந்தியிலேயே முகம் கறுத்தது.

"ஆரடா உந்த அகராதிக்காரர்? என்ரை உச்சரிப்பைக் கேக்கக் கப்பல் நிக்குதோ? உப்பிடிப் புகழ்ந்தால் எனக்கு என்ன வரும் எண்டு யோசிச்சனியே? மேலை இருக்கிறதை வெட்டு!"

"வெட்டுறன், குஞ்சியம்மா."

தொடர்ந்து வாசித்தா. கட்டை. கறுப்பு. சங்குக் குரல். மதில் கட்டுகிற புட்டு. ஆட்டின் சுபாவம். நான் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"நில்லடா. எத்தினை கூடாத சொல்லு போட்டு வைச்சிருக்கிறாய்!"

"சும்மா பகிடிக்கு."

"பகிடிக்கோ?" கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா. முகத்தில் கோபம் இல்லை, அதுதான் ஆபத்து. "கப்பல் கதை ஊருக்கு எழுதினது. மற்றதெல்லாம் ஆருக்கு எழுதினது எண்டு எனக்குத் தெரியாதோ? நாவூறு கழிக்கிறவளுக்கே படிப்பிக்கிறியோ? கீழை உள்ளதிலை ஒரு சொல்லும் வெட்டாதை. அப்பிடியே கிடக்கட்டும்."

தாளைத் திருப்பித் தந்தா. நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன்.

"ஏன்டா கண்ணைக் கசக்குறாய்?"

"அடுப்புப் புகை."

"அடுப்பு இன்னும் மூட்டேல்லையடா, அக்லி."